ஆடையற்ற கடற்கரையா, வேலியிட்ட விடுதியா?

ஆடையின்றிக் குளிப்பதையும் வெயில் காய்வதையும் ஓய்வுநேரப் பழக்கமாகக் கொண்ட மேலைநாட்டவர் அதற்குத் தேர்ந்துகொள்ளும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். ஒன்று, அரசுக்கோ உள்ளாட்சிக்கோ உரிய கடற்கரையில் இதற்கென ஒதுக்கப்பட்ட, அல்லது ஒதுக்கப்படாமலே நெடுநாள் வழக்கத்தால் நிலைத்துவிட்ட, ஒரு பகுதி. மற்றொன்று, தனியார் நிலத்தில் வேலியும் வாயிற்காவலும் கட்டணமும் உறுப்பினர் பட்டியலும் கொண்டு இயங்கும் விடுதி அல்லது கிளப். ஐரோப்பியர் நேச்சுரிசம் என்றும் அமெரிக்கர் பெரும்பாலும் நியூடிசம் என்றும் வழங்கும் இப்பழக்கம், பாலுறவு நோக்கமின்றிப் பலர் கூடி ஆடையற்றிருப்பதைக் குறிக்கும். திகம்பரத் துறவியரின் நிர்வாணத்தோடு இதற்கு உறவில்லை, ஏனெனில் அங்கே ஆடை துறத்தல் உலகைத் துறப்பதன் பகுதி, இங்கே அது விடுமுறையின் பகுதி. இவ்விரு இடங்களையும் செலவு, வசதி என்ற கணக்கில் மட்டும் ஒப்பிடுவோர், கடற்கரைக்குக் கட்டணம் இல்லை, ஆகவே புதியவர் முதலில் அங்கே போய்ப் பார்க்கட்டும் என்று சொல்லி முடித்துவிடுவதுண்டு. அந்த அறிவுரை பாதிக்கு மேல் தவறானது. இரண்டுக்கும் இடையிலான மெய்யான வேறுபாடு, பார்வையை ஆள்வது யார் என்பதில்தான் இருக்கிறது. விடுதியில் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கக் கூடாது என்பதற்கு விதியும், விதியை மீறியவரை வெளியே அனுப்பும் அதிகாரமும் உண்டு. கடற்கரையிலோ அந்த வேலையை வழக்கமும், கூடியிருப்போரின் முகச்சுளிப்பும், எப்போதாவது போலீசும் பகிர்ந்துகொள்கின்றன, சில இடங்களில் எவரும் செய்வதில்லை.

வேலி ஏன் வந்தது என்று பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகும். இத்தகைய சங்கங்களுள் முதலாவதாக ஆய்வாளர் பலர் குறிப்பிடுவது, வியப்பூட்டும் வகையில், 1891இல் பம்பாய்க்கு அருகே தாணேயில் சார்லஸ் கிராஃபோர்ட் என்ற ஆங்கிலேய மாவட்ட நீதிபதி தொடங்கிய மூன்றே உறுப்பினர் கொண்ட அமைப்பு. அதைப் பற்றி இன்று தெரிவதெல்லாம் அவர் இங்கிலாந்திலிருந்த எழுத்தாளர் எட்வர்ட் கார்பெண்டருக்கு எழுதிய கடிதங்களிலிருந்து கிடைத்தவையே. அது வளராமல் மறைந்தது. வளர்ந்தது ஜெர்மனியில் தோன்றிய இயக்கம்: 1903இல் பால் சிம்மர்மன் வட ஜெர்மனியின் கிளிங்பெர்க்கில் ஒரு திறந்தவெளிப் பூங்காவைத் தொடங்கினார், உடற்பயிற்சி, புலால் மறுத்தல், நகர வாழ்வின் மீதான சலிப்பு ஆகியவற்றோடு பிணைந்து, சுதந்திர உடற்பண்பாடு என்று பொருள்படும் எஃப்.கே.கே. என்ற பெயரில் அது பரவியது. அமெரிக்காவுக்கு இதைக் கொண்டுபோனவர்கள் ஜெர்மானியக் குடியேறிகள். அவர்களுள் ஒருவரான கர்ட் பார்த்தெல் 1929இல் நியூயார்க்கில் ஒரு கழகத்தை நிறுவினார், சில ஆண்டுகளில் அக்கழகத்தார் நியூ ஜெர்சியில் தமக்கென நிலமும் வாங்கிக்கொண்டனர். பொது இடத்தில் ஆடையின்றி நிற்பது குற்றம் என்ற சட்டத்துக்கு, பொது இடமே இல்லாத ஓர் இடத்தை உண்டாக்குவதுதான் அவர்கள் கண்ட விடை.

அந்த விடை நீதிமன்றத்தில் உடனே ஏற்கப்பட்டதும் இல்லை. மிச்சிகன் மாநிலத்தில் 1956இல் போலீசார் ஒரு தனியார் முகாமுக்குள் நுழைந்து, அங்கே ஆடையின்றி இருந்தவர்கள் மீது வழக்குத் தொடர்ந்தனர். கீழ் நீதிமன்றம் தண்டித்தது, 1958இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது. நீக்க வேண்டும் என்று எழுதிய நீதிபதி ஜான் வோல்கர், அதே ஆண்டில் ராபர்ட் ட்ரேவர் என்ற புனைபெயரில் 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' நாவலை வெளியிட்டவர். நாவலாசிரியரின் எள்ளல் அந்தத் தீர்ப்புரையிலும் உண்டு. யாருக்கும் காட்ட விரும்பாமல் வேலிக்குள் ஒதுங்கியிருந்தவர்களைத் தேடிச் சென்று பார்த்துவிட்டு, அதிர்ச்சியடைந்ததாகச் சொல்வது செல்லாது என்பதே அதன் சாரம்.

சட்டத்துக்கு அஞ்சி எழுந்த வேலி, உள்ளே ஒரு தனி ஒழுக்க முறையையும் வளர்த்தது. சமூகவியலாளர் மார்ட்டின் வெய்ன்பெர்க் 1960களில் அமெரிக்க முகாம்களை ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட கட்டுரை இம்முறையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. உற்றுப் பார்க்கக் கூடாது, பாலுறவு பற்றிய பேச்சும் கேலியும் கூடாது, உடல் தீண்டல் கூடாது, மது கூடாது, ஒப்புதலின்றிப் படம் எடுக்கக் கூடாது, உடலைக் கவர்ச்சியாகக் காட்டும் அமர்வும் நடையும் கூடாது, அதே வேளையில் கூச்சத்தோடு மறைத்துக்கொள்ள முயல்வதும் கூடாது. இந்தக் கடைசி விதி கவனத்துக்குரியது. மறைப்பவர் இருந்தால், மறைக்காதவர்கள் தாம் எதையோ காட்டிக்கொண்டிருப்பதாக உணரத் தொடங்குவர். ஆகவே ஆடையின்மை இயல்பானது என்ற பொது நம்பிக்கை நிலைக்க வேண்டுமானால் அனைவரும் ஒரே நிலையில் இருந்தாக வேண்டும். ஆடையே மானத்தைக் காக்கிறது என்று வெளியுலகம் நம்ப, முகாமோ மானத்தைக் காக்கும் பொறுப்பை ஆடையிலிருந்து கழற்றி நடத்தையின் மீது ஏற்றுகிறது. இன்றைய விடுதிகளில் மதுவிலக்குப் போன்ற சில விதிகள் தளர்ந்திருந்தாலும், அடிப்படை மாறவில்லை: எங்கே உட்கார்ந்தாலும் துண்டு விரித்தே உட்கார வேண்டும், நீச்சல் குளத்தில் நீச்சலுடையோடு இறங்கக் கூடாது, கைப்பேசியின் கேமராவை மூடி வைக்க வேண்டும் என்பன பலவற்றில் வாயிலிலேயே சொல்லப்படுகின்றன. அடையாள அட்டையை அலுவலகம் பார்த்துப் பதிந்துகொள்கிறது. உள்ளே மட்டும் ஒருவரை ஒருவர் முதற்பெயரால் அழைப்பதும், தொழிலைத் துருவிக் கேட்காமல் இருப்பதும் மரபு.

வாயிற்காப்பின் கூர்மையான முனை தனியாக வரும் ஆண்களை நோக்கி நீட்டப்பட்டிருக்கிறது. வெய்ன்பெர்க் காலத்திலேயே பல முகாம்கள் இவர்களைச் சேர்க்க மறுத்தன, அல்லது எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தின, அல்லது கூடுதல் கட்டணம் கேட்டன. இன்றும் பல விடுதிகளில் இதன் ஏதோ ஒரு வடிவம் தொடர்கிறது. குற்றம் செய்யாத ஒருவரை அவரது தனிமைக்காகவே சந்தேகிக்கும் இந்த வழக்கம் நியாயமற்றது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அதை முற்றிலும் கைவிட்ட இடங்களில் நிகழ்வதையும் காண வேண்டும்: ஆண்கள் மிகுவர், அதனால் பெண்களும் குடும்பங்களும் குறைவர், அவர்கள் குறையக் குறைய எஞ்சியிருப்போரும் விலகுவர். வாயிலற்ற கடற்கரைகள் பலவற்றில் ஆண்களே பெரும்பான்மையாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

கடற்கரையின் வரலாறு வேறு தொனியுடையது. 1960களின் இளைஞர் எழுச்சிக்குப் பின் வந்த தலைமுறைக்கு வேலியும் உறுப்பினர் சந்தாவும் கேலிக்குரியனவாகத் தோன்றின. உடல் இயல்பானது என்றால் அதை ஏன் ஒளித்து வைக்க வேண்டும் என்று அது கேட்டது. கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1972இல், ஒதுக்கமான கடற்கரையில் ஒருவர் வெறுமனே ஆடையின்றி வெயில் காய்வது அம்மாநிலச் சட்டம் சொல்லும் ஆபாச வெளிப்பாடு ஆகாது என்று தீர்த்தது. ஈராண்டுகளில் சான் டியேகோ நகரம், உயர்ந்த செங்குத்துப் பாறைகளுக்குக் கீழே கிடக்கும் பிளாக்ஸ் கடற்கரையில் ஒரு பகுதியை நீச்சலுடை கட்டாயமற்ற இடமாக அறிவித்தது. 1977இல் நகர வாக்காளர்கள் அந்த அனுமதியை வாக்கெடுப்பில் ரத்து செய்தனர். அதே ஆண்டில் ஜாக் டக்ளஸ், பால் ராஸ்முசன் ஆகியோர் இக்கடற்கரையைக் களமாகக் கொண்டு எழுதிய 'தி நியூட் பீச்' என்ற ஆய்வு நூல் வெளிவந்தது. வெய்ன்பெர்கின் முகாமையும் இவர்களது கடற்கரையையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு, ஒரே பழக்கம் இரண்டு இடங்களில் இரண்டு வேறு பொருள்களைப் பெற்றிருப்பது விளங்கும். கடற்கரைவாசிகளும் இயல்பு, சுதந்திரம் என்ற சொற்களையே பேசினர். ஆனால் பார்ப்பதும் பார்க்கப்படுவதும் அங்கே நடந்துகொண்டே இருந்தன, அதைத் தடுக்க ஒருவருக்கும் உரிமை இல்லை, பாறை மேல் தொலைநோக்கியோடு நிற்பவரை வெளியேற்ற அங்கே அலுவலகமும் இல்லை.

விதியில்லை என்பதால் ஒழுங்கில்லை என்று கருதிவிடலாகாது. பிரெஞ்சு சமூகவியலாளர் ழான்-குளோத் காஃப்மன் 1995இல் வெளியிட்ட நூல் கடற்கரையில் பெண்கள் மேலாடையின்றி இருப்பதைப் பற்றியது. அவரவர் விருப்பம் என்று எல்லாரும் சொல்லும் இடத்தில், படுத்திருத்தல் சரி ஆனால் எழுந்து நடத்தல் அவ்வளவு சரியல்ல, இந்த வயது சரி அந்த வயது சரியல்ல என்ற நுண்ணிய தீர்ப்புகள் வாய்திறக்காமலே வழங்கப்படுவதை அவர் காட்டினார். எர்விங் கோஃப்மன் என்ற மற்றொரு சமூகவியலாளர் நாகரிகக் கவனமின்மை என்று பெயரிட்டது, அந்நியரைப் பார்த்ததாக ஒரு கணம் உணர்த்திவிட்டு உடனே பார்வையை விலக்கிக்கொள்ளும் நகர வழக்கத்தை. ஆடையற்ற கடற்கரை முழுதும் இந்த ஒரு வழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. பழகியவர் இதைச் சொல்லாமலே செய்வார். புதியவருக்கோ, அதிலும் தனியாக வரும் பெண்ணுக்கு, எந்தப் பார்வை வழக்கத்துக்கு உட்பட்டது, எது மீறல் என்று பிரித்தறியும் பயிற்சி இருக்காது. மீறல் என்று தெரிந்த பிறகும் முறையிட ஆளிருக்காது. அமெரிக்காவில் பொது இடத்தில் படம் எடுப்பது பொதுவாகக் குற்றமல்ல என்பதால், கேமராவை உயர்த்துபவருக்கு எதிராக அருகிலிருப்போரின் கண்டனமே பெரும்பாலும் ஒரே கருவி. கட்டணமில்லாத கடற்கரை புதியவரிடம் பணம் கேட்பதில்லை, முதிர்ச்சியைக் கேட்கிறது என்பதால்தான், முதலில் அங்கே போகச் சொல்வது பாதிக்கு மேல் தவறு என்று மேலே குறிக்கப்பட்டது.

இதற்கு விலக்கான கடற்கரைகள் உண்டு, அவற்றுள் ஃபுளோரிடாவின் ஹாலோவர் முதன்மையானது. மயாமிக்கு வடக்கே, மாவட்ட நிர்வாகத்துக்கு உரிய பூங்காவின் வடகோடியில், ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள இப்பகுதி 1991 முதல் ஆடை கட்டாயமற்ற கடற்கரையாக இயங்குகிறது. ஆடை கட்டாயமற்றது என்றால், உடுத்தியவரும் உடுத்தாதவரும் கலந்திருக்கலாம். விடுதிக் குளத்தின் கட்டாயம் இங்கில்லை. ஃபுளோரிடாவின் சட்டம், ஆபாசமான முறையில் உடலைக் காட்டுவதைத்தான் குற்றமாக்குகிறது, அதற்கென ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு விலக்கும் அளிக்கிறது. அந்த விலக்கைப் பயன்படுத்தி ஓர் ஆர்வலர் குழு நிர்வாகத்தோடு பேசி இதைப் பெற்றது. எல்லையில் அறிவிப்புப் பலகை, உயிர்காப்பாளர் கோபுரங்கள், கழிப்பறை, கட்டண வாகன நிறுத்தம், அருகில் போலீஸ் என்று விடுதியின் காப்பில் ஒரு பங்கை அரசே அங்கே செய்கிறது. முன்னறிவிப்பு பெற்ற பிறகு எல்லையைத் தாண்டுபவர் புண்பட்டதாக முறையிட இடமில்லை என்பதால், அந்த எளிய பலகை வேலியின் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது.

கலிபோர்னியாவின் நிலைமை எதிர்மாறானது. மாநிலப் பூங்காக்களில் யாரேனும் முறையிட்டால் மட்டும் ஆடையணியச் சொல்ல வேண்டும் என்று அத்துறையின் இயக்குநர் ரஸல் கேஹில் 1979இல் வகுத்த கொள்கை முப்பதாண்டு காலம் கடற்கரைகளைத் தாங்கி நின்றது. 2008இல் சான் ஓனோஃப்ரே கடற்கரையில் அத்துறை அதைக் கைவிட முடிவு செய்தபோது, வழக்குத் தொடர்ந்த நேச்சுரிஸ்ட் அமைப்பு மேல்முறையீட்டில் தோற்றது. சகிப்பினால் கிடைத்த இடம், சகிப்பவர் மாறினால் போய்விடும். கடற்கரைகளுக்காக உழைத்த விஸ்கான்சினின் லீ பேக்ஸண்டால் 1980இல் நேச்சுரிஸ்ட் சொசைட்டியைத் தொடங்கியதும், பழைய கிளப்புகளின் கூட்டமைப்பு 1995இல் தன் பெயரிலிருந்து வெயில் குளியலை நீக்கி ஆடையற்ற பொழுதுபோக்கு என்பதைச் சேர்த்துக்கொண்டதும், இரு தரப்பும் மெல்ல நெருங்கியதன் அடையாளங்கள். அதற்கு முன் கிளப்பினர் கடற்கரையினரை ஒழுங்கற்றவர் என்றும், கடற்கரையினர் கிளப்பினரை வேலிக்குள் அடைந்த பழமைவாதிகள் என்றும் கருதிவந்தனர். இரண்டு கருத்திலும் உண்மை இருந்தது.

விடுதியின் குறைகளைப் பற்றி அதன் விளம்பரங்கள் சொல்லாதவை பல. ஒரு நாள் நுழைவுக் கட்டணமே ஒரு குடும்பத்துக்குக் கணிசமான செலவு. உறுப்பினர் சந்தா, அறை வாடகை, வண்டிவீடு நிறுத்துமிடத்தின் வாடகை என்று அது மேலும் ஏறும். ஃபுளோரிடாவின் பாஸ்கோ மாவட்டத்தில் 1940களில் தொடங்கிய லேக் கோமோ, கிஸிம்மிக்கு அருகே 1964இல் தொடங்கிய சைப்ரஸ் கோவ் போன்றவை விடுமுறை இடங்களாக மட்டுமன்றி, ஓய்வு பெற்றோர் ஆண்டு முழுதும் குடியிருக்கும் சிற்றூர்களாகவும் இருக்கின்றன. அங்கே நட்பு ஆழமானது. ஆனால் புதிதாக வரும் இருபத்தைந்து வயதினருக்குத் தம் வயதினர் ஒருவரும் கண்ணில் படாமல் போகலாம். எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும் என்ற நிலை, கடற்கரையில் கிடைக்கும் பெரிய செல்வமாகிய முகமறியாத தனிமையைப் பறித்துவிடுகிறது. பேச விருப்பமின்றிப் புத்தகத்தோடு கிடக்க நினைப்பவருக்கு விடுதி ஒரு தொல்லைதான்.

வேலியும் கட்டணமும் ஒழுக்கத்துக்கு உறுதி அளிப்பவை என்ற நம்பிக்கையைப் பிரான்சின் காப் தாக்த் குலைக்கிறது. மத்தியதரைக் கடலோரத்தில் ஓர் எளிய கூடாரத் தளமாகத் தொடங்கி, 1970களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கடைகளும் படகுத்துறையும் கொண்ட ஒரு முழு நகர்ப்பகுதியாக வளர்ந்த அதன் நேச்சுரிஸ்ட் பகுதிக்கு வாயிலும் நுழைவுக் கட்டணமும் உண்டு. ஆயினும் துணை மாற்றிப் பாலுறவு கொள்ளும் வட்டங்களின் சந்திப்பிடமாக அது பெயர்பெற்று, குடும்பங்களோடு வந்த பழைய நேச்சுரிஸ்டுகளுக்கும் புதியவர்களுக்கும் இடையே நெடிய பூசல் மூண்டது. வாயில் கட்டணம் வாங்கியதே தவிர, யார் எதற்காக வருகிறார் என்று கேட்கவில்லை. இதற்கு மாறாக, அட்லாண்டிக் கரையில் ஆல்பர்ட், கிறிஸ்டின் லெகோக் இணையர் 1950இல் தொடங்கிய மோந்தாலிவே முகாம் குடும்பங்களின் இடமாகவே நீடித்தது. சர்வதேச நேச்சுரிஸ்ட் கூட்டமைப்பு 1953இல் உருவானது இங்கேதான். இரண்டுமே வேலியுள்ள இடங்கள், இரண்டுக்கும் முன்னால் இருப்பது பொதுக் கடற்கரை. பிரெஞ்சுச் சட்டப்படி அலைபடும் கரை தனியாருக்கு உரியதாக முடியாது. ஆகவே விடுதியில் தங்கிக் கடற்கரையில் குளிப்பவர் ஒரே நாளில் இருவகை ஆட்சிக்கும் உட்படுகிறார்.

வேலியே இல்லாமல் ஒழுங்கு நிலைத்ததற்குக் கிழக்கு ஜெர்மனியே தலையாய சான்று. அங்கே தனிச் சங்கங்களுக்கு இடமில்லை. 1954இல் பால்டிக் கரையில் ஆடையற்ற குளியலைத் தடைசெய்ய அதிகாரிகள் முயன்றபோது எழுந்த எதிர்ப்பால், 1956இல் குறியிடப்பட்ட பகுதிகளில் அதை அனுமதிக்கும் ஆணை பிறந்தது. பிறகு அது ஒரு சிறுபான்மையின் கொள்கையாக இல்லாமல் தொழிலாளரும் ஆசிரியரும் குழந்தைகளோடு செல்லும் சாதாரண விடுமுறையாகிவிட்டது. பிரேரோவின் மணல்மேட்டுக் கூடாரத் தளத்தில் வளர்ந்த குழந்தைக்கு, எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை ஒருவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. 1990இல் நாடு இணைந்த பின் அதே கரைக்கு மேற்கு ஜெர்மானியர் திரண்டு வந்தபோது முரண்பாடு எழுந்தது, ஆடையற்ற பகுதிகளும் சுருங்கின. மேற்கிலிருந்து வந்தவருள் பலருக்கு அந்தப் பார்வைப் பழக்கம் இல்லை.

ஆகவே, கூச்சத்தோடு முதன்முறை செல்லும் இணையருக்கும், குழந்தைகளோடு செல்வோருக்கும், தனியாகச் செல்லும் பெண்ணுக்கும் நன்கு நடத்தப்படும் விடுதியின் ஒரு நாள் நுழைவே ஏற்றது; செலுத்தும் கட்டணம் குளத்துக்கன்று, கூடவே இருக்கும் வாயிற்காவலுக்கு. தனியாகச் செல்லும் ஆணுக்குக் கடற்கரையே நேர்மையான வழி, அங்கே அவர் எவரிடமும் தம் நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இயன்றால் ஹாலோவர் போல அரசே நடத்தும் கடற்கரையாக அது இருக்கட்டும். பழகியவர்களுக்குக் கடலை விட்டுக் குளத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமேதும் தென்படவில்லை. கடற்கரையைத் தேர்பவர் எவராயினும் முதலில் விசாரிக்க வேண்டியது நிலம் யாருடையது என்பதைத்தான். பிளாக்ஸில் வடபகுதி மாநிலப் பூங்காவுக்கும் தென்பகுதி சான் டியேகோ நகருக்கும் உரியவை. ஆடையற்றோர் கூடுவது வடக்கே, நகரின் தடை 1977 முதல் நடப்பில் இருப்பது தெற்கே. இரண்டையும் பிரிக்கும் இயற்கை எல்லை எதுவும் மணலில் இல்லாததால், பேச்சு மும்முரத்தில் தெற்கு நோக்கி நடப்பவர் தம்மை அறியாமலே சட்டத்தை மீறியவராகிவிடக்கூடும்.